நல்லது கெட்டது என்ற உணர்வு எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரிணாமம் பற்றிச் சேலத்திலோ ஏற்காட்டிலோ எங்கே பேசினாலும், பேச்சு முடிந்ததும் கேள்விகள் ஒழுக்கத்தின் பக்கம் திரும்பிவிடுகின்றன. ஊர்வன, பறப்பன பற்றிக் கேட்பவர் குறைவு. மனிதனுக்கு மனசாட்சி எப்படி வந்தது என்று கேட்பவரே அதிகம். கேட்பவர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்குத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. சிக்கலானவை பின்னால் வருகின்றன.

அறத்தோட தோற்றம்னு சொல்றீங்களே, எதைச் சொல்றீங்க? சட்டத்தையா, மனசாட்சியையா?

மூன்று அடுக்குகளைப் பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும். அடியில் இருப்பவை உணர்ச்சிகள்: பிறர் வலியைக் கண்டதும் வரும் பதைப்பு, பங்கு குறைந்தால் வரும் கோபம், தவறு செய்தபின் வரும் கூச்சம். அதற்கு மேலே ஒரு சமூகம் வகுத்துக்கொண்ட வழக்கங்கள் இருக்கின்றன: யாருக்கு முதலில் சோறு போடுவது, எதைத் திருட்டு என்பது, யாரை மன்னிப்பது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த வழக்கமே சரிதானா என்று நின்று கேட்கும் ஆராய்ச்சி இருக்கிறது.

உயிரியல் முதல் அடுக்கைப் பற்றி நிறையச் சொல்கிறது, இரண்டாவதைப் பற்றி ஓரளவு சொல்கிறது, மூன்றாவதைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. ஓர் அடுக்குக்கான பதிலை இன்னோர் அடுக்கில் கொண்டுபோய் ஒட்டுவதால்தான் கீழே வரும் சந்தேகங்களில் பாதி எழுகின்றன.

வலுத்தது வாழும், இளைச்சது சாகும். இதுதானுங்களே இயற்கை? இதுல நல்ல குணம் எங்கிருந்து வரும்?

‘தகுந்தது பிழைக்கும்’ என்ற கருத்துப்பட 1864இல் எழுதியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். டார்வின் தமது முதன்மை நூலின் 1869ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அந்தத் தொடரை எடுத்துக்கொண்டார். இயற்கைத் தேர்வின் கணக்கில் பலசாலிக்குத் தனி மதிப்பெண் கிடையாது. தன் சூழலில் பிழைத்து, தன் தன்மைகளை அடுத்த தலைமுறைக்குக் கடத்தும் உயிரே அதில் தேறுகிறது. கூட்டமாக வாழும் விலங்குக்கு அதன் கூட்டமே சூழலின் பெரும்பகுதி. அங்கே எல்லோரையும் பகைத்துக்கொண்ட பலசாலி தனியே அலைந்து சாகிறான். ஒத்துப்போகத் தெரிந்தவன் பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறான்.

இதை டார்வினே தெளிவாகக் கண்டிருந்தார். பெற்றோர் பாசம் உட்பட, கூடி வாழும் இயல்பூக்கங்கள் வலுவாக அமைந்த எந்த விலங்குக்கும், அறிவு மனிதனுடையது அளவுக்கு வளருமானால் மனசாட்சி தோன்றியே தீரும் என்று 1871இல் எழுதினார். சைபீரியாவின் கடுங்குளிரில் விலங்குகளைக் கவனித்த ரஷ்யரான குரொப்போட்கின், ஒன்றையொன்று கடித்துக் குதறும் போட்டியைவிடக் குளிரையும் பசியையும் கூடிச் சமாளிக்கும் உதவியையே அதிகம் கண்டதாகச் சொல்லி, அதை 1902இல் நூலாகவும் வெளியிட்டார். அவர் சற்று ஒருபக்கமாகச் சாய்ந்தார் என்றே நினைக்கிறேன். ஆனாலும் இயற்கை முழுவதும் இரத்தக்களரி என்ற படத்தைத் திருத்த அந்தச் சாய்வு உதவியது.

உசிரையே குடுத்து அடுத்தவனைக் காப்பாத்துறவன் செத்துப்போறான். அந்தக் குணம் எப்படி வம்சத்துல நிக்கும்?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரங்களை அண்ணாந்து பார்த்தால், சில இடங்களில் உயரக் கிளையில் மலைத்தேனீயின் அடை தெரியும். மரப்பொந்துக்குள் ஒளியாமல், ஒரே தட்டாக, அரைவட்டமாக வெளியே தொங்கும் அந்த அடையின்மேல் தேனீக்களே பல அடுக்குத் திரையாகப் படிந்திருக்கும். பகை நெருங்கினால் அந்தத் திரையில் ஒரு நடுக்கம் அலையலையாக ஓடும். அதற்கும் விலகாவிட்டால் அவை கொட்ட வரும். தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால், அது நம் தோலில் சிக்கிக்கொள்ள, கொட்டிய தேனீயின் வயிறு கிழிந்துவிடும். கொட்டுவது அதற்குச் சாவுதான். இருந்தும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேனீக்கள் கொட்டிக்கொண்டிருக்கின்றன.

காரணம், வேலைக்காரத் தேனீ பெரும்பாலும் தானே முட்டையிடுவதில்லை. அதன் மரபணுக்கள் தாயாகிய ராணியின் வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. அடையைக் காத்துச் செத்த தேனீயின் குணம், அது காத்த சகோதரிகளிடமும் சகோதரர்களிடமும் உயிரோடு இருக்கிறது. இதைக் கணிதமாக்கியவர் வில்லியம் ஹாமில்டன் என்ற உயிரியலாளர். 1964இல் அவர் காட்டியது இதுதான்: உதவி பெறுபவருக்குக் கிடைக்கும் நன்மையை உறவின் நெருக்கத்தால் பெருக்க வரும் அளவு, உதவி செய்பவரின் இழப்பைவிடப் பெரிதாக இருந்தால், அந்தக் குணம் பரவும். உடன்பிறந்தோருக்கு உறவின் அளவு சராசரியாகப் பாதி. பெரியப்பா, சித்தப்பா மக்களுக்கு எட்டில் ஒன்று.

யாரும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுக் கிணற்றில் குதிப்பதில்லை. கணக்கு நடந்தது பல்லாயிரம் தலைமுறைகளில்; நம்மிடம் மிஞ்சியிருப்பது பாசம் என்ற உணர்ச்சி மட்டுமே. அந்தப் பாசம் மரபணுவைச் சோதித்துப் பார்த்து எழுவதில்லை. ஒரே வீட்டில் வளர்வது, கையில் ஏந்துவது, சோறூட்டுவது போன்ற அடையாளங்களைக் கண்டு எழுகிறது. ஆகவே தத்தெடுத்த பிள்ளையிடம் பெற்றோருக்கு ஏற்படும் பாசத்தில் துளியும் போலி இல்லை.

சொந்தபந்தத்துக்குச் செய்றது சரிங்க. முன்னபின்ன தெரியாதவனுக்கு ஏன் செய்றோம்?

ராபர்ட் டிரிவர்ஸ் 1971இல் கொடுத்த விடை: இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு. திரும்பத் திரும்பச் சந்திப்பவர்களிடையே, உதவியின் செலவு சிறிதாகவும் பயன் பெரிதாகவும் இருந்தால், உறவே இல்லாதவர்களிடமும் உதவும் குணம் நிலைக்கும். இதற்குப் புகழ்பெற்ற சாட்சி, லத்தீன் அமெரிக்காவின் இரத்தம் குடிக்கும் வௌவால். இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து இரை கிடைக்காவிட்டால் அது செத்துவிடும். அப்படிப் பசித்து வந்த வௌவாலுக்கு, வயிறு நிரம்பிய இன்னொன்று தான் குடித்த இரத்தத்தைக் கக்கி ஊட்டுவதை ஜெரால்ட் வில்கின்சன் கோஸ்டாரிகாவில் கண்டு 1984இல் வெளியிட்டார். ஒரு வௌவால் யாருக்கு ஊட்டும் என்பதை முன்கூட்டிச் சொல்ல, உறவைவிட முன்பு யார் அதற்கு ஊட்டினார்கள் என்பதே நன்றாக உதவுகிறது என்று 2013இல் வந்த ஆய்வு சொல்கிறது.

நம் பக்கத்தில் இதற்கு வௌவாலைத் தேட வேண்டியதில்லை. மொய் நோட்டைத் திறந்தால் போதும். கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, ஊர்ப்பெயர், தந்தை பெயரின் முதலெழுத்து, ஆள் பெயர், தொகை என்று வரிசையாக எழுதிய அந்த நோட்டு, அலமாரியில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கும். எழுதியவர் வீட்டில் காதுகுத்து, மஞ்சள்நீர், கல்யாணம் என்று பத்திரிகை வரும்போது, கிளம்புவதற்கு முன் அது வெளியே வரும். அவர் அன்று எழுதியதைவிடச் சற்றுக் கூட்டி இவர் எழுதுவார். வட்டி இல்லை, கையெழுத்து இல்லை, கேட்டு வாங்கும் சட்டமும் இல்லை. இருபது ஆண்டுகள் கழிந்தாலும் மறப்பது அவமானம். ஞாபகம் எட்டாத தூரத்துக்குக் கைம்மாறு என்ற இயல்பை நீட்டிக்க மனிதர்கள் எழுத்தைப் பயன்படுத்திக்கொண்ட விதம் அது.

ஏமாத்துறவன் தான் கார்ல போறான். நல்லவன் டவுன் பஸ்ல நிக்கிறான். அப்புறம் நல்ல குணம் எப்படி அழியாம இருக்கு?

கேள்வியில் வருத்தம் இருந்தாலும் நியாயமும் இருக்கிறது. இந்தத் துறை நீண்ட காலம் மல்லுக்கட்டிய கேள்வியும் இதுவே. ராபர்ட் ஆக்சல்ராட் என்ற அரசியலறிஞர், பலரும் எழுதி அனுப்பிய கணினி நிரல்களை ஒன்றோடொன்று மோதவிட்டார். ஒவ்வொரு சுற்றிலும் ஒத்துழைக்கலாம், அல்லது ஏமாற்றலாம். முதல் போட்டியிலும், 62 நிரல்கள் கலந்துகொண்ட இரண்டாவது போட்டியிலும் வென்றது அனட்டோல் ராப்போபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல். முதல் சுற்றில் ஒத்துழை; பிறகு எதிராளி கடைசியாகச் செய்ததையே நீயும் செய். அவ்வளவே அதன் விதி. அது யாரையும் முந்தி ஏமாற்றாது, ஏமாற்றினால் சும்மா விடாது, திருந்தினால் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்காது. எதிராளி திரும்பவும் சந்திக்கப்போகிறவராக இருக்கும்வரை இந்த முறை பலிக்கிறது. ஒருமுறை மட்டும் சந்தித்துக் காணாமல் போகிறவரிடம் தோற்றுவிடும். கார்க்காரர் பிழைக்கும் இடம் அந்த இடைவெளிதான்.

அந்த இடைவெளியை அடைப்பது, ஊரில் ஒருவர் எடுத்திருக்கும் நல்ல பெயர், கெட்ட பெயர். சேலம் செவ்வாய்ப்பேட்டையைச் சுற்றி நடக்கும் வெள்ளிக் கொலுசுத் தொழிலைப் பாருங்கள்: வெள்ளியை எடைபோட்டுப் பட்டறைக்குக் கொடுக்கிறார்கள், சேதாரம் போக எடைபோட்டுத் திரும்ப வாங்குகிறார்கள். கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று பல கைகள் மாறும் பொருளில் சில கிராம் ஒதுக்குவது கடினமான காரியம் இல்லை. ஆனால் ஒரு பட்டறையில் எடை குறைகிறது என்ற பேச்சு மறுநாள் காலைத் தேநீர் நேரத்துக்குள் பேட்டை முழுவதும் பரவிவிடும். அதற்குப் பிறகு அந்தப் பட்டறைக்கு வெள்ளி வராது. வம்பு பேசுவதை நாம் இழிவாகப் பேசினாலும், சந்திக்காதவரைப் பற்றியும் நமக்குத் தகவல் தருவது அதுதான்.

பலசாலியை அடக்கவும் பேச்சு பயன்பட்டிருக்கிறது. கலகாரிப் பாலைவனத்தின் வேட்டைச் சமூகத்தில், பெரிய விலங்கை வீழ்த்தி வந்தவனை மற்றவர்கள் கேலி செய்வார்கள். ‘இந்த எலும்புக்கூட்டுக்காகவா இவ்வளவு தூரம் கூப்பிட்டாய்’ என்பதுபோல் பேசுவார்கள். வேட்டைக்காரன் தலைக்கனம் கொண்டு நாளை மற்றவரை ஆளத் தொடங்கிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம் என்று அங்கே தங்கி ஆராய்ந்த ரிச்சர்ட் லீ 1969இல் எழுதினார். கேலி, ஒதுக்கிவைத்தல், எல்லை மீறினால் துரத்துதல் என்று மிகப் பல தலைமுறைகள் நடந்ததால், அடக்கமும் வெட்கமும் உள்ளவர்களே அதிகம் தழைத்தார்கள் என்பது கிறிஸ்டோபர் போம் என்ற மானிடவியலாளரின் வாதம். நேரடியாகச் சோதிக்க முடியாத வாதம்தான். ஆனாலும் எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது.

குரங்குக்கு நாயம் தெரியும்னு வீடியோ பாத்தேன். ஏற்காடு ரோட்டுல பாத்தா தட்டிப்பறிக்கத்தான் செய்யுது?

அந்தக் காணொளி வராத வாட்ஸ்அப் குழு குறைவு. சாரா பிராஸ்னனும் ஃபிரான்ஸ் டி வாலும் 2003இல் வெளியிட்ட ஆய்வைச் சார்ந்தது அது. தென்னமெரிக்கக் கபூச்சின் குரங்குகள் ஒரு வில்லையைக் கொடுத்தால் ஒரு துண்டு வெள்ளரிக்காய் கிடைக்கும். அவை நன்றாக வாங்கித் தின்றன. பக்கத்துக் கூண்டுக் குரங்குக்கு அதே வேலைக்குத் திராட்சை கொடுத்ததைப் பார்த்ததும், அதுவரை தின்ற வெள்ளரியை மறுத்தன. இது நியாய உணர்வா, அல்லது திராட்சை கிடைக்கும் என்று எதிர்பார்த்து ஏமாந்த கோபமா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. எல்லா மறுசோதனைகளிலும் ஒரே முடிவு வரவும் இல்லை. மேலும், தனக்குக் குறைந்தால் கோபிப்பது ஒன்று. தனக்குக் கூடுதலாகக் கிடைத்தது சரியில்லை என்று கூசுவது வேறு. திராட்சை கிடைத்த குரங்கு அதைப் பக்கத்துக் குரங்குக்காக விட்டுக்கொடுத்ததாக அந்த ஆய்வு சொல்லவில்லை.

ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் காண்பது நாட்டுக்குரங்கு. நம் கைப்பையிடம் அது நடந்துகொள்ளும் விதத்தை வைத்து அதை மதிப்பிடுவது, ஓட்டல் வாசலில் கண்டதை வைத்து மனிதனின் குடும்ப வாழ்க்கையை எழுதுவதற்குச் சமம். வண்டிகள் குறைந்த காலை நேரத்தில் தடுப்புச் சுவரின்மேல் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். ஒன்று குப்புறப் படுத்துக்கொடுக்க, இன்னொன்று இரு கைகளாலும் மயிரைப் பிரித்துப் பேன் பார்க்கும். சற்று நேரத்தில் இடம் மாறிக்கொள்ளும். பல குரங்கினங்களில் வளர்ந்த ஆண்கள் ஒன்றையொன்று எளிதில் சகித்துக்கொள்வதில்லை. ஆனால் நாட்டுக்குரங்கில் வளர்ந்த ஆண்களே உதட்டைச் சப்பிக் காட்டி நெருங்கி, தழுவிக்கொள்வதைக் காணலாம். பதறுவது, சமாதானமாவது, திருப்பிச் செய்வது என்ற உணர்ச்சி அடுக்கின் துண்டுகள் அங்கே இருக்கின்றன. வழக்கமும் ஆராய்ச்சியும் இல்லை.

மந்தி கூட்டத்துல புதுசா வந்த கடுவன் குட்டிங்களைக் கொன்னுடுதாமே? அதுவும் இயற்கைதானே, அப்ப அதுவும் சரியா?

ஆம், கொல்கிறது. சாம்பல் மந்திகளிடம் இதை 1960களில் தார்வாடில் சுகியாமாவும், 1970களில் அபு மலையில் சாரா ஹிர்டியும் பதிவு செய்தார்கள். பழைய ஆணைத் துரத்திவிட்டுக் கூட்டத்தைக் கைப்பற்றும் ஆண், பால்குடிக் குட்டிகளைக் கொல்கிறது. பால் நின்ற தாய் விரைவில் மீண்டும் கருத்தரிக்கிறது. பிறப்பது புதியவனின் குட்டி. ஹாமில்டனின் கணக்கு இங்கேயும் பிசகவில்லை. பாசத்தை உண்டாக்கிய அதே இயற்கைத் தேர்வு இதையும் உண்டாக்கியது.

ஆகவே, இயற்கையில் இருப்பதால் ஒன்று சரி என்று ஆகாது. ‘இருக்கிறது’ என்ற கூற்றுகளிலிருந்து ‘வேண்டும்’ என்ற கூற்றுக்கு எழுத்தாளர்கள் சத்தமில்லாமல் தாவிவிடுகிறார்கள் என்று தத்துவவாதி டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டிலேயே சுட்டிக்காட்டினார். டார்வினுக்காக மேடைதோறும் வாதாடிய ஹக்ஸ்லிகூட, 1893இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில், சமூகத்தின் அற வளர்ச்சி இயற்கையின் போக்கைப் பின்பற்றுவதால் வருவதில்லை, அதை எதிர்த்து நிற்பதால் வருகிறது என்றார். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதையே வைத்துக்கொள்ளுங்கள். கீழே மூன்று நான்கு இடங்களில் இது தேவைப்படும்.

குழந்தைக்குப் பொறக்கும்போதே நல்லது கெட்டது தெரியுமா, நாம சொல்லிக்குடுத்துத் தான் வருதா?

இரண்டும் உண்டு; ஆனால் ‘பிறக்கும்போதே தெரியும்’ என்ற பக்கத்தின் சான்றுகளைப் பத்திரிகைகள் சற்று ஊதிவிட்டன. மேட்டில் ஏற முயலும் பொம்மைக்கு உதவிய பொம்மையை, தடுத்த பொம்மையைவிட, 6 மாத, 10 மாதக் குழந்தைகள் விரும்பி எடுக்கின்றன என்று 2007இல் ஓர் ஆய்வு வந்து உலகெங்கும் பேசப்பட்டது. பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து அதைப் பெரிய அளவில் மீண்டும் செய்து 2024இல் வெளியிட்டபோது அந்த விருப்பம் தெரியவில்லை.

18 மாதக் குழந்தைகளைப் பற்றிய சான்று உறுதியானது. கை நிறையச் சுமையோடு அலமாரிக் கதவைத் திறக்க முடியாமல் தடுமாறும், முன்பின் அறியாத பெரியவருக்கு, யாரும் கேட்காமலே எழுந்து நடந்துபோய்க் கதவைத் திறந்துவிடுகிறார்கள் என்று வார்னெக்கனும் தொமசெல்லோவும் 2006இல் காட்டினார்கள். நடக்கவே தடுமாறும் வயதில் இதற்குப் பரிசும் தேவைப்படவில்லை. யாருக்கு உதவலாம், யாருக்குக் கூடாது என்ற பட்டியலை வீடும் தெருவும் பிறகுதான் கொடுக்கின்றன.

மூளைல அறத்துக்குன்னு தனியா எடம் இருக்கா?

தனி இடம் இல்லை. நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. 1848இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரயில் பாதைக்குப் பாறை வெடிக்கும் வேலையில், ஒரு மீட்டருக்கும் நீளமான இரும்புக் கடப்பாறை ஃபினியஸ் கேஜ் என்பவரின் கன்னத்தின் வழியே நுழைந்து மண்டையைத் துளைத்து வெளியேறியது. அவர் பிழைத்தார், ஆனால் பொறுப்பான மேஸ்திரியாக இருந்தவர் மரியாதை தெரியாதவராக மாறினார் என்று அவருடைய மருத்துவர் எழுதினார். இத்தோடு கதையை நிறுத்துவோர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். கேஜ் பிற்காலத்தில் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்தார். பயணிகளோடு ஒழுங்காகப் பழகாதவரால் செய்ய முடியாத வேலை அது.

மாட்டுக்குப் பால் கறக்கப் போடுற ஊசி மருந்துதான் பாசத்துக்கும் காரணமாமே? அதைப் போட்டா எல்லாரும் நல்லவங்களாயிடுவாங்களா?

ஆக்சிடோசினைச் சொல்கிறீர்கள். பிரசவ வலியைத் தூண்டுவதும், மடியில் பால் இறங்கச் செய்வதும், தாய்சேய்ப் பிணைப்பில் பங்கேற்பதும் அதுவே. ஆய்வுகளில் அதை மூக்கில் தெளித்துப் பார்த்தார்கள். அந்நியரிடம் நம்பிக்கை கூடுகிறது என்று 2005இல் வந்த முடிவு பிந்தைய பெரிய மறுசோதனையில் நிலைக்கவில்லை. டச்சு ஆய்வாளர் கார்ஸ்டன் டி டிரூ 2010இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொன்னது: அந்த மருந்து தன் அணியினர்மேல் விட்டுக்கொடுக்கும் தன்மையைக் கூட்டியது, வெளி அணியிடமிருந்து அவர்களைக் காக்கும் முனைப்பையும் கூட்டியது. கன்று போட்ட மாட்டின் அருகே அந்நிய நாய் போனால் என்ன ஆகும் என்பதை அறிந்தவருக்கு இதில் வியப்பிராது. அன்பு மறத்துக்கும் துணை என்று வள்ளுவர் சொல்லியிருப்பதையும் இங்கே சேர்த்து நினைக்கலாம். எனவே ஊசி வேண்டாம். மாட்டுக்கும் அது தவறான பழக்கமே.

தன் கூட்டத்தை மட்டும் பாக்குறது இயற்கைன்னா, சாதி பாக்குறதும் இயற்கைதானே சார்?

இதைக் கேட்பவர்களில் சிலர் கவலையோடு கேட்கிறார்கள். சிலர் சான்றிதழ் வாங்கிப்போகக் கேட்கிறார்கள். இருவருக்கும் பதில் ஒன்றுதான். முதலில், மந்தியின் பதிலில் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும்: இயற்கை என்று நிறுவிவிட்டால்கூட, சரி என்று நிறுவியதாகாது.

இரண்டாவது, அது நிறுவப்படவும் இல்லை. ஹென்றி தாஜ்ஃபெல் 1970களின் தொடக்கத்தில் பிரிஸ்டலில் பள்ளிச் சிறுவர்களை, இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கிறது என்பதுபோன்ற அற்பக் காரணங்களைச் சொல்லி இரண்டு அணியாகப் பிரித்தார். அவர்களுக்குள் முன்பகை இல்லை. தம் அணியில் யார் இருக்கிறார் என்றுகூடத் தெரியாது. ஆனாலும் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தம் அணிக்குக் கூட்டிக் கொடுத்தார்கள். நம்மிடம் இயல்பாக இருப்பது ‘நாம், அவர்கள்’ என்று பிரிக்கும் தயார்நிலை மட்டுமே. கோட்டை எங்கே போடுவது என்று மரபணு சொல்லவில்லை. அதைச் சொல்பவர்கள் மனிதர்கள். சேலம் சந்திப்பில் ரயில் ஏறி முன்பதிவில்லாப் பெட்டியில் உட்கார்ந்தவர்கள், அடுத்த நிறுத்தத்தில் ஏற வருபவர்களைப் பார்க்கும் பார்வையில் இதைக் காணலாம்; பத்து நிமிடத்துக்கு முன் அவர்களும் நடைமேடையில்தான் நின்றார்கள்.

மூன்றாவது, இந்திய மக்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, இங்கிருந்த தொல்குடிக் கலப்புகள் ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை பரவலாக நடந்தன என்றும், அதன் பிறகே குழுக்கள் தமக்குள் மட்டும் மணந்துகொள்ளும் வழக்கம் இறுகியது என்றும் காட்டியது. மனித இனம் தோன்றி லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கணக்கில் அகமணம் நேற்று வந்த ஏற்பாடு. வந்ததைப்போல் போகவும் கூடியது.

எல்லா நாட்டுலயும் நியாயம் ஒண்ணாத்தான் இருக்கா?

உணர்ச்சிகள் பொது, அளவு ஊருக்கு ஊர் வேறு. ஒருவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, அடையாளம் தெரியாத இன்னொருவரோடு பங்கிடச் சொல்வார்கள். மற்றவர் பங்கை ஏற்றால் இருவருக்கும் பணம். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. தன்னலக் கணக்குப்படி எதைக் கொடுத்தாலும் ஏற்க வேண்டும். ஆனால் மிகக் குறைந்த பங்கை மனிதர்கள் தங்களுக்கு இழப்பு என்று தெரிந்தே மறுக்கிறார்கள். ஜோசப் ஹென்ரிச்சும் தோழர்களும் இதை 15 சிறு சமூகங்களில் நடத்தினார்கள். பெருவின் மச்சிகெங்கா மக்கள் சராசரியாகக் கால்பங்குக்குச் சற்று மேல் கொடுத்தார்கள், பெற்றவர்களும் அநேகமாக மறுக்கவில்லை. கூட்டாகத் திமிங்கில வேட்டையாடும் இந்தோனேசியாவின் லாமலேரா மக்கள் பாதிக்கும் மேலாகவே கொடுத்தார்கள். அன்றாடத் தொழிலில் பிறரோடு கூடி உழைப்பதும் சந்தையில் புழங்குவதும் அதிகமான சமூகங்களில் பங்கும் கூடியது.

சேர்வராயன் சாமி பாத்துக்கிட்டிருக்குன்னு பயம் இருந்தாத்தானே மனுசன் ஒழுங்கா இருப்பான்? சாமி இல்லாம அறம் ஏது?

சாமி உண்டா என்பது இந்தப் பக்கத்தின் கேள்வி இல்லை; நம்பிக்கை நடத்தையை மாற்றுகிறதா என்பதற்குச் சான்று உண்டு. எட்டுச் சமூகங்களில் நடத்திய ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. தவறைக் கண்டு தண்டிக்கும் தெய்வம் இருப்பதாக நம்பியவர்கள், தொலைவில் இருக்கும், முகமறியாத, தம் சமயத்தவருக்குக் கூடுதலாகப் பங்கு கொடுத்தார்கள். மேலே சொன்ன பெயரின் வேலையை, பெயர் பரவ முடியாத தொலைவில் அந்த நம்பிக்கை செய்கிறது என்று கொள்ளலாம்.

ஆனால் கதவைத் திறந்துவிட்ட 18 மாதக் குழந்தை எந்தச் சாமிக்கும் பயந்து எழவில்லை. சேர்வராயன் மலை உச்சியில் மே மாதத் திருவிழாவுக்கு வரும் பக்தரிடம், சாமி கண்ணை மூடிக்கொண்டால் பக்கத்திலிருப்பவரின் குழந்தையைத் தள்ளிவிடுவீர்களா என்று கேட்டால், கேட்டவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

எல்லாம் மரபணு செய்ற வேலைன்னா, தப்பு பண்ணவனை எப்படிங்க குத்தம் சொல்றது?

மரபணு சாய்வைக் கொடுக்கிறது. செயலை முடிவு செய்வதில்லை. அதோடு, கண்டிப்பு, வெட்கம், தண்டனை ஆகியவையும் செயலைத் தீர்மானிக்கும் காரணங்களில் அடங்கும். கொலுசுப் பட்டறைக்காரர் எடையைக் குறைக்காமல் இருப்பதற்குப் பேட்டையின் கண்டிப்பும் ஒரு காரணம். அந்தக் கண்டிப்பை எடுத்துவிட்டு, ‘எல்லாம் மரபணு’ என்று சொல்வது, காரணங்களில் ஒன்றை மறைத்துவிட்டுக் கணக்குப் போடுவது.

அப்படின்னா அறம்ங்கிறதே பொய்யா? பிழைக்கிறதுக்காக மூளை காட்டுற வித்தை தானா?

இருப்பதிலேயே கடினமான கேள்வி இது; இதைச் சில தத்துவவாதிகள் தீவிரமாகவே முன்வைக்கிறார்கள். நம் அற உணர்வுகளை உண்மை வடிவமைக்கவில்லை, பிழைப்பு வடிவமைத்தது. ஆகவே அவற்றை நம்ப முடியாது என்பது வாதம். டார்வினே இதற்கு வழி திறந்துவிட்டார். மனிதர்கள் தேனீக்களைப் போன்ற சூழலில் வளர்ந்திருந்தால், மணமாகாத பெண்கள் தம் சகோதரர்களைக் கொல்வதைப் புனிதக் கடமையாகக் கருதியிருப்பார்கள் என்று அவர் எழுதினார்.

என் பதில் இரண்டு பகுதி கொண்டது. எண்ணும் திறனும் பிழைப்பதற்காகத் தோன்றியதுதான். எத்தனை பேர் எதிரே வருகிறார்கள் என்று எண்ணத் தெரியாதவன் பிழைத்திருக்க மாட்டான். அதனால் இரண்டும் இரண்டும் நான்கு என்பது பொய்யாகிவிடாது. ஒரு திறன் எதற்காகத் தோன்றியது என்பதும், அதைக்கொண்டு இன்று எதைக் கண்டுபிடிக்கிறோம் என்பதும் தனித்தனிச் சேதிகள். அறத்துக்கு எண்கணிதம் அளவுக்கு உறுதியான அடித்தளம் உண்டு என்று நான் சொல்லவில்லை. தோற்றக் கதை மட்டுமே அதைப் பொய்யாக்கிவிடாது என்று சொல்கிறேன்.

மற்றொரு பகுதி முதல் பதிலின் மூன்றாவது அடுக்கைச் சேர்ந்தது. அகமணம் தவறு, அடிமை முறை தவறு என்ற முடிவுகளுக்கு மனிதர்கள் தம் இயல்பான சாய்வுகளை மீறித்தான் வந்தார்கள். ‘எனக்குச் செய்தால் தவறு என்பதை உனக்குச் செய்தால் மட்டும் எப்படிச் சரி’ என்ற கேள்விக்குக் காரணம் சொல்ல முடியாமல் போனதால் வந்தார்கள். வலி எனக்கு வலிப்பதுபோல் உனக்கும் வலிக்கிறது என்பதில் வித்தை எதுவும் இல்லை.

கொரங்கைப் பாத்தாப் பாவமா இருக்குது. பிஸ்கட் போடலாமா கூடாதா? அதுக்கும் நாம கடமைப்பட்டவங்க தானே?

கடமை உண்டு, பிஸ்கட் போடக் கூடாது. பாவமாக இருப்பது உண்மையான உணர்ச்சி. நம் குழந்தைகளின் முகத்துக்காக உருவான இரக்கம், பெரிய கண்ணும் சிறிய கையும் கொண்ட குட்டியைக் கண்டதும் கிளறப்படுகிறது. ஆனால் அந்த இரக்கத்துக்குக் கண்முன் இருக்கும் குட்டி மட்டுமே தெரியும். சாலையோரத் தீனிக்குப் பழகிய கூட்டம் காட்டுக்குள் இரை தேடுவதைக் குறைத்துக்கொள்ளும், வளைவில் வரும் பேருந்தின் சக்கரத்தில் சிக்கும், தீனி கிடைக்காத நாளில் பையைப் பிடுங்கும், பிடுங்கியதற்காக அடிபடும், அல்லது பிடித்துக்கொண்டுபோய் வேறு காட்டில் விடப்பட்டு அங்கிருக்கும் கூட்டத்திடம் கடிபடும். இதில் எதுவும் பிஸ்கட் போடும் நிமிடத்தில் உணர்ச்சிக்குத் தெரிவதில்லை. யோசித்தால் மட்டுமே தெரியும். உணவு கொடுக்க வேண்டாம் என்று வனத்துறை சொல்வதன் காரணம் இதுதான். வளைவுகளில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். தின்ற பொட்டலத்தை வெளியே எறியாமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.